மீட்டர் ஓடும் முன்பே எரிந்த ஆற்றல்

திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைரோட்டிலும் அதைச் சுற்றியுள்ள அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டை, சின்னாளபட்டி, வத்தலக்குண்டு பகுதிகளிலும் இன்று எழும் வீடுகளுக்கு ஏறக்குறைய ஒரே முகம். கான்கிரீட் பில்லர், அவற்றை இணைக்கும் பீம், இடைவெளியை அடைக்கச் செங்கல் அல்லது ஹாலோ பிளாக், தலைக்கு மேல் நாலரை ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம். மூன்று சென்ட் மனையில் சேமிப்பையெல்லாம் போட்டு வீடு கட்டுகிறவரும் இதைத்தான் கட்டுகிறார். நாற்கரச் சாலையோரம் வணிக வளாகம் எழுப்புகிறவரும் இதைத்தான் கட்டுகிறார். இந்த வீடுகளில் ஆற்றலைச் சேமிப்பது பற்றிப் பேச்சு வந்தால், அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கணக்கைச் சுற்றியே நிற்கிறது. எல்.இ.டி. பல்பு மாட்டுங்கள், 75 வாட் விசிறியைக் கழற்றிவிட்டு 30 வாட் விசிறி போடுங்கள், ஐந்து நட்சத்திரம் பார்த்து ஃபிரிட்ஜ் வாங்குங்கள் என்கிறோம். எல்லாம் வேண்டியவையே. ஆனால் மீட்டர் பெட்டியைச் சுவரில் பொருத்துவதற்குள் அந்த வீட்டின் பெயரில் ஒரு பெரிய நெருப்பு எரிந்து முடிந்திருக்கிறது: சிமெண்ட் ஆலையின் சூளையில், எஃகு உலையில், செங்கல் காளவாசலில். இந்தச் சமவெளியில் சாதாரணக் குடும்பங்கள் கட்டும் வீடுகளைப் பொறுத்தவரை, அந்த முதல் நெருப்பையும் தலைக்கு மேலிருக்கும் தளத்தையும் விட்டுவிட்டு ஆற்றல் சேமிப்பைப் பேசினால் கணக்கின் பெரும்பகுதி பார்க்கப்படாமலே போகிறது என்பது என் வாதம்.

கட்டடத்தின் ஆற்றல் கணக்கு அதன் ஆயுள் முழுவதையும் அளக்க வேண்டும். மண்ணைத் தோண்டி, கல்லை உடைத்து, சுட்டு, உருக்கி, ஏற்றி இறக்கி, கட்டி முடிக்கும் வரை செலவாவதை உள்ளுறை ஆற்றல் என்கிறார்கள். குடியேறிய பிறகு விளக்கும் விசிறியும் ஏ.சி.யும் எடுப்பது பயன்பாட்டு ஆற்றல். நடுவில் பழுதுபார்ப்பு, கடைசியில் இடிப்பு. இவற்றில் முதல் பகுதியை நம் நாட்டுப் பொருள்களுக்குப் பொறுமையாக அளந்தவர்கள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி.வி. வெங்கடராம ரெட்டியும் கே.எஸ். ஜெகதீஷும். கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்கென்று அங்கே 1974இல் ஏ.கே.என். ரெட்டி தொடங்கிய அஸ்திரா என்ற அமைப்பின் வழியில் வளர்ந்த வேலை அது. 2003இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒரு கிலோ சிமெண்டுக்கு 5.85 மெகாஜூல், கம்பிக்கு 42, கண்ணாடிக்கு 25.8, அலுமினியத்துக்கு 236.8 என்று கணக்கிடுகிறது. சுட்ட செங்கல் ஒன்றுக்கு 4.25 மெகாஜூல். மெகாஜூல் என்பது வீட்டுப் பேச்சில் புழங்காத அளவு. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3.6 மெகாஜூல் என்று வைத்துக்கொண்டால் பிடிபடும். அனல் மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. ஆகவே நம் வீட்டுக்கு ஒரு யூனிட் வந்து சேர அங்கே 11 மெகாஜூல் அளவுக்கு எரிந்தாக வேண்டும்.

ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மேஸ்திரிகள் வாய்க்கணக்காகச் சொல்லும் அளவு சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட், மூன்றரை கிலோ கம்பி. அப்படியானால் 400 மூட்டை, அதாவது 20 டன் சிமெண்ட். மூன்றரை டன் கம்பி. செங்கல் 15,000 என்று வைத்துக்கொள்வோம். மேற்சொன்ன எண்களால் பெருக்கினால் சிமெண்டுக்கு 1,17,000 மெகாஜூல், கம்பிக்கு 1,47,000, செங்கல்லுக்கு 64,000; கூட்டினால் 3,28,000. இதை 11ஆல் வகுத்தால், ஏறக்குறைய 30,000 யூனிட் மின்சாரம் எடுக்கத் தேவையான எரிபொருள் என்று வருகிறது. டைல்ஸ், பெயிண்ட், ஜன்னல், குழாய், ஒயர் எதையும் இதில் சேர்க்கவில்லை. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட், ஆண்டுக்கு 1,200 யூனிட் செலவழிக்கும் குடும்பம் இந்த 30,000 யூனிட்டைத் தொட 25 ஆண்டுகள் ஆகும். எண்கள் பழையவை என்று ஒருவர் மறுக்கலாம். அதில் நியாயம் உண்டு. எஃகு ஆலைகள் இப்போது முன்பைவிடக் குறைவாக எரிக்கின்றன. பழைய இரும்பை உருக்கிச் செய்யும் கம்பிக்கு இன்னும் குறைவு. கம்பியின் கணக்கில் பாதியைத் தள்ளிவிடுவோம். அப்போதும் 23,000 யூனிட் நிற்கிறது, அதாவது 19 ஆண்டுக் கரண்ட். பிள்ளை பிறந்த ஆண்டில் கட்டிய வீடென்றால், அந்தப் பிள்ளை கல்லூரியில் படிக்கும் வயதில்தான் வீட்டின் மொத்த மின்செலவு அந்த முதல் ஆண்டின் நெருப்பை எட்டிப்பிடிக்கிறது.

இதற்கு எதிரே வைக்கத்தக்க வலுவான ஆதாரம் ஒன்று இருக்கிறது. டி. ரமேஷ், ரவி பிரகாஷ், கே.கே. சுக்லா ஆகிய மூவர் 13 நாடுகளின் 73 கட்டடங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்டார்கள். கட்டடத்தின் ஆயுட்கால ஆற்றலில் 80 முதல் 90 விழுக்காடு பயன்பாட்டில் போகிறது, கட்டுவதற்கு ஆவது 10 முதல் 20 விழுக்காடுதான் என்பது அவர்கள் கண்டது. அப்படியிருக்க, சிறிய பங்கைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்க வேண்டும்? அவர்களின் முடிவு தவறில்லை. ஆனால் அது எந்தக் கட்டடங்களைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் அறையைச் சூடாக்க வேண்டிய குளிர்நாட்டு வீடுகளும், பகல் முழுவதும் குளிரூட்டும் அலுவலகங்களும் அத்தகைய ஆய்வுகளில் நிறைய. கொடைரோட்டு வீட்டில் சூடாக்கும் செலவே கிடையாது. குளிரூட்டுவதும் இன்னும் பெரும்பாலோர் வீட்டுக்குள் நுழையவில்லை: 2019இல் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், நாட்டில் ஏ.சி. உள்ள வீடுகள் நூற்றுக்கு எட்டு அளவில்தான் என்றது. விசிறியோடு நிற்கும் வீட்டுக்கு மேலே போட்ட கணக்கை 50 ஆண்டுக்கு நீட்டிப் பார்த்தால், கட்டும்போது எரிந்தது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காகிறது. அதே வீட்டுக்கு ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று வந்து, ஆண்டில் 120 இரவு, இரவுக்கு எட்டு மணி நேரம், மணிக்கு 1.2 யூனிட் வீதம் ஓடினால் கூடுதலாக 1,150 யூனிட் ஆகும். மின்செலவு இரட்டிப்புக்குப் பக்கம் போகிறது. உடனே கட்டுமானத்தின் பங்கு ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். சிமெண்டிலும் கம்பியிலும் ஒரு கிலோகூடக் குறையவில்லை. மொத்தம் வீங்கியதால் பங்கு சிறியதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அந்த ஏ.சி. ஏன் வருகிறது என்று கேட்டால் இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அந்த இடம் தளம். கொடைரோடு ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் இங்கே உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். முன்னும் பின்னுமான மாதங்களிலும் அதிகம் சாய்வதில்லை. அதனால் ஒற்றை மாடி வீட்டில் தெற்குச் சுவரும் வடக்குச் சுவரும் கோடையில் வாங்கும் வெயில் கொஞ்சம். கிழக்கும் மேற்கும் அரைநாள் வீதம் வாங்கும். தளம் மட்டும் காலை முதல் மாலை வரை முழுதாக வாங்குகிறது. கான்கிரீட் வெப்பத்தைத் தாராளமாகக் கடத்தும், தனக்குள் தேக்கியும் வைக்கும். மத்தியானம் உறிஞ்சியது சில மணி நேரம் கழித்துத்தான் அடிப்பக்கத்துக்கு வருகிறது. அதாவது வெளியே காற்று தணிந்து மனிதர்கள் படுக்கப் போகும் நேரத்தில் உள்ளே கூரை அனலைக் கொட்டத் தொடங்குகிறது. விசிறி அந்த அனற்காற்றைத்தான் சுழற்றுகிறது. வீடுகளுக்கென்று மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் கூரை 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடத்தக் கூடாது என்கிறது. மேலே எதுவும் போடாத வெறும் கான்கிரீட் தளம் 3 வாட்டுக்கும் மேல் கடத்தும். ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கானது. அதாவது 12 சென்ட்டுக்குக் கூடுதல். மூன்று சென்ட், நான்கு சென்ட்காரர்களை அது தொடவே இல்லை.

தளத்தை விட்டுவிட்டு விளக்கை மட்டும் பார்ப்பதற்குத் தமிழகத்தில் தெளிவான உதாரணம் ஒன்று உண்டு. 2011-12இல் மாநில அரசு சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடு திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஒவ்வொன்றும் 300 சதுர அடி, தொடக்கத்தில் மதிப்பு 1.80 லட்சம் ரூபாய், வீட்டுக்கு ஐந்து சூரிய ஒளி விளக்குகள். கிராமங்களில் வீடற்றவர்களுக்குக் கழிப்பறையோடும் மழைநீர் சேகரிப்போடும் நிரந்தர வீடு தந்த திட்டம் அது. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. ஆற்றல் என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்ப்போம். பசுமை என்ற அடைமொழி விளக்குக்கு வந்தது. கூரை வழக்கமான கான்கிரீட். ரெட்டி, ஜெகதீஷ் கணக்கில் ஒரு சதுர மீட்டர் கான்கிரீட் தளம் சுமார் 730 மெகாஜூல். 300 சதுர அடி என்பது 28 சதுர மீட்டர். தளத்துக்கு மட்டும் 20,000 மெகாஜூலுக்கு மேல், நம் மின்கணக்கில் 1,850 யூனிட்டுக்குச் சமம். ஐந்து விளக்கும் பத்து வாட் வீதம் இரவு ஐந்து மணி நேரம் எரிவதாகக் கொண்டால் ஆண்டுக்கு 91 யூனிட் மிச்சம். தளம் ஒன்றே எடுத்துக்கொண்டதை ஈடுகட்ட விளக்குகள் 20 ஆண்டு எரிய வேண்டும். அத்தனை காலம் பேட்டரி தாங்காது. இதற்குள் அந்தத் தளத்தின் கீழே எத்தனை விசிறிகள் கூடுதல் நேரம் ஓடின என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இங்கே எழும் மறுப்பு நியாயமானது, அதற்கு நேராகப் பதில் சொல்லியாக வேண்டும். குடிசையில் தீப்பிடிக்கும் பயத்தோடும் மழைக்கு ஒழுகும் கூரையோடும் வாழ்ந்தவர்களுக்குக் கான்கிரீட் தளம் என்பது பாதுகாப்பு, மரியாதை. ஓட்டு வீட்டுக்காரர்களுக்கும் தங்கள் பட்டியல் உண்டு: மழைக்கு முன் ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, மலையடிவாரத்தில் குரங்கு பிரித்துப்போடுகிறது, மரச்சட்டத்தைக் கரையான் அரிக்கிறது. தட்டையான மொட்டை மாடி இருந்தால் தானியம் காயப்போடலாம், கோடையில் படுக்கலாம், மகன் தலையெடுத்ததும் மேலே ஒரு மாடி எழுப்பலாம். இவையெல்லாம் உண்மை. ஆகவே எல்லோரும் ஓட்டு வீட்டுக்குத் திரும்புங்கள் என்று கேட்பது என் நோக்கமில்லை. கேள்வி வேறு: தட்டையான, உறுதியான, மேலே மாடி எழுப்பத்தக்க தளத்தை இதைவிடக் குறைந்த நெருப்பில், குறைந்த அனலோடு போட முடியுமா?

முடியும் என்பதற்கு நாற்பது ஐம்பது ஆண்டுச் சான்று இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 1970 முதல் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளம் முழுக்கப் பரப்பிய ஃபில்லர் தளம் எளிய அறிவின் மேல் நிற்பது. தளத்தின் மேல்பாதிக் கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான், அங்குள்ள கான்கிரீட்டில் பெரும்பகுதி சும்மா எடையாக நிற்கிறது. அந்த எடைக்குப் பதிலாக, கம்பிகளுக்கு இடையே இரண்டு சீமை ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்து வார்த்தால் கான்கிரீட் குறையும். எடை குறைவதால் கம்பியும் குறையும். ஓடுகளுக்கு இடையில் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். அஸ்திரா வழிவந்த கணக்கில் ஃபில்லர் தளம் சதுர மீட்டருக்கு 590 மெகாஜூல் அளவு, வழக்கமான தளத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சீமை ஓட்டுக் கூரை 227தான் என்பதையும் நினைவில் வைப்போம். மேலே மாடி வேண்டாத சமையலறைக்கும் தாழ்வாரத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் அது இன்றும் தகும். வெப்பத்தைப் பொறுத்தவரை மேல்பக்க வேலைதான் முக்கியம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டிக் கெட்டித்து, அதன்மேல் தட்டோடு பதிக்கும் வழக்கம் திண்டுக்கல், மதுரை வீடுகளில் நேற்றுவரை இருந்தது. செலவு மிச்சம் என்று அதை விட்டுவிட்டார்கள். அது முடியாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கோடைக்கு முன் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் வெயிலின் பெரும்பகுதி உள்ளே புகாமல் திரும்பிவிடும். நூற்றுக்கணக்கில் ஆகும் அந்த வேலையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் கரண்ட் கட்டுகிறோம்.

பழையதெல்லாம் நல்லது என்ற மயக்கத்துக்கும் இந்தக் கணக்கு இடம் தருவதில்லை. சுண்ணாம்பைச் சுடவும் நெருப்பு வேண்டும், கிலோவுக்கு 5.63 மெகாஜூல், சிமெண்டுக்கு ஏறக்குறைய நிகர். அதோடு செங்கல் தூள் போன்றவற்றைக் கலந்தால்தான் பாதிக்கும் கீழே இறங்குகிறது. வீட்டுக்கு வேண்டிய பொருளெல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி தன்னிடம் சொன்னதாக லாரி பேக்கர் அடிக்கடி நினைவுகூர்வார். அதை லாரி வாடகையைக் குறைக்கும் யோசனையாகப் படித்தால் எண்கள் ஒத்துவருவதில்லை. செங்கல்லை நூறு கிலோமீட்டர் ஏற்றிவர ஆவது, அதைச் சுட ஆனதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆற்றலைத் தின்பது தூரமல்ல, சூளை. ஆனாலும் காந்தி சொன்னது பலிக்கிறது. ஐந்து மைலுக்குள் கிடைப்பது பெரும்பாலும் சுடாத பொருள் என்பதால். கொடைரோட்டுச் சுற்றுப்புறத்தில் அது செம்மண்ணும் கருங்கல்லும். இங்கே திராட்சைப் பந்தலையே கல்தூணில்தான் நிறுத்துகிறார்கள். கல்லுக்கு உடைக்கும் உழைப்பும் ஏற்றுகூலியும் தவிர நெருப்புச் செலவு இல்லை. அஸ்திவாரத்துக்கும் அடிச்சுவருக்கும் அதைவிடச் சிக்கனமானது கிடையாது. அதற்காக மலையையே கரைக்கலாம் என்று பொருளில்லை. குவாரிகளால் வரும் கேடு வேறொரு பெரிய கணக்கு.

சுவருக்கு வருவோம். ஆயிரம் செங்கல் சுட 4,250 மெகாஜூல் என்றால், விறகுக் கணக்கில் கால் டன்னுக்கு மேல். செம்மண்ணில் ஆறேழு விழுக்காடு சிமெண்ட் கலந்து, எந்திரத்தில் அழுத்தி, சுடாமல் ஈரத்தில் வைத்து இறுகச் செய்யும் மண் சிமெண்ட் கல்லைக் கொண்டு சுவர் எழுப்பினால், சுட்ட செங்கல் சுவருக்கு ஆவதில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றலே ஆகும். பெங்களூரில் இப்படிக் கட்டிய வீடுகள் ஏராளம்; ஆரோவில் மண் கட்டட நிறுவனம் இந்தக் கல்லில் வளைவுக் கூரைகள் வரை கட்டிக் காட்டியிருக்கிறது. முழுக் கட்டடங்களையும் ரெட்டியும் ஜெகதீஷும் ஒப்பிட்டார்கள்: ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு எட்டு மாடிக் கான்கிரீட் சட்டகக் கட்டடம் 4.2 கிகாஜூல், அதாவது 4,200 மெகாஜூல் எடுத்தது. செங்கல் சுவரே பாரம் தாங்கும் இரண்டு மாடி வீடு 2.9, மண் சிமெண்ட் கல் வீடு 1.6. மழைக்குக் கரையாதா என்பார்கள். சரியான மண்ணைச் சோதித்து எடுத்து, அடிச்சுவரைக் கல்லில் உயர்த்தி, கூரையை அரை மீட்டர் வெளியே நீட்டினால் கரையாது. கண்ட மண்ணை அள்ளிப்போட்டு அழுத்தினால் கரையும். பில்லர் விஷயத்திலும் யோசிக்க வேண்டியது இருக்கிறது. கரிசல் மண்ணில் பில்லர் தேவைப்படலாம். கெட்டியான செம்மண்ணிலும் பாறைத் தரையிலும் ஒன்று அல்லது இரண்டு மாடிக்குச் சுவரே போதும். ஜன்னல் மட்டத்திலும் கூரை மட்டத்திலும் சுற்றிவரக் கான்கிரீட் பெல்ட் இருந்தால் பூமி அதிர்வுக்கும் தாங்கும். பில்லர் போட்டால்தான் வீடு என்ற எண்ணம் அக்கம்பக்கத்தைப் பார்த்து வந்தது.

மாடியில் சோலார் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. ஒரு கோடி வீடு இலக்கு. வரவேற்க வேண்டிய திட்டம், தகட்டின் நிழலால் தளத்தின் சூடும் தணியும். ஆனால் நம் மின்சாரம் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வரவர, பயன்பாட்டுக் கணக்கு சுருங்கிக்கொண்டே போகும். அப்போது மிஞ்சி நிற்பது கட்டுமானத்தின் கணக்குதான். சிமெண்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரை சுடும்போது எரிபொருளிலிருந்து வரும் கரியமில வாயுவைவிடக் கல்லிலிருந்தே வெளியேறும் வாயு அதிகம். சூளையை வெயிலால் எரித்தாலும் அது நிற்காது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏழெட்டு விழுக்காடு சிமெண்டிலிருந்து வருவது இதனால்தான். திண்டுக்கல் மாவட்டத்திலேயே கரிக்காலியில் பெரிய சிமெண்ட் ஆலை இருக்கிறது. பல ஊர்களின் பிழைப்பு அதைச் சார்ந்தது. சிமெண்டே வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியாது. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு என்பதுதான் பேச்சு.

அதிகம் பேசப்படாத, என் பார்வையில் மிகவும் மலிவான சேமிப்பு ஒன்று உண்டு: வீட்டின் ஆயுள். 3,28,000 மெகாஜூலை விழுங்கிய வீடு 25 ஆண்டில் இடிபட்டால் ஆண்டுக்கு 13,000 ஆகிறது. 75 ஆண்டு நின்றால் 4,400 போதும். எந்தப் புதுப்பொருளும் வாங்காமல் மூன்றில் ஒன்றாகக் குறைக்கும் வழி இது. அரசு கட்டித்தந்த பழைய தொகுப்பு வீடுகளில் தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து விழுவதும், உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிவதும் தமிழ்நாடு முழுக்கச் செய்தியாக வந்துகொண்டேயிருக்கிறது. முப்பது ஆண்டில் வீடு போய்விட்டால் எரிந்த நெருப்பு மறுபடியும் எரிய வேண்டும். காரணம் பெரும்பாலும் சின்ன விஷயங்களில் இருக்கிறது. கம்பிக்கும் கான்கிரீட்டின் அடிப்பரப்புக்கும் நடுவே குறைந்தது 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதற்கான கவர் பிளாக் வைக்காமல் கம்பியைச் செண்ட்ரிங் தகட்டின் மேலேயே கிடத்தி வார்த்தால், காற்றும் ஈரமும் சில ஆண்டுகளில் கம்பியைத் தொட்டுவிடும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். இன்னொன்று, தளத்தை ஈரத்தில் வைப்பது. கடைகளில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், அது மெதுவாக இறுகும். இந்தியத் தர விதி அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் கேட்கிறது, 14 நாள் வைத்தால் நல்லது என்கிறது. போர்வெல் வற்றிய சித்திரையில், தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்து, பத்து நாள் பாத்தி கட்டித் தேக்கி வைக்க மனம் வருவதில்லை. நாலு நாளில் நிறுத்திவிடுகிறார்கள். ஆற்றலையும் பணத்தையும் ஒருசேர இழப்பது அங்கேதான். மழை முடிந்து கிணற்றில் நீர் நிற்கும் தை, மாசியில் தளம் போடத் திட்டமிடுவது இந்தப் பக்கத்துக்கு நல்ல யோசனை.

இடிக்கும் நாளும் கணக்கில் சேரும். மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டிய பழைய வீட்டை இடித்தால் செங்கல் முழுசாகக் கழன்றுவரும். தேக்கு உத்திரம், நிலை, கதவு, கல்தூண் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. காரைக்குடிக் கடைகளில் விற்கும் செட்டிநாட்டுக் கதவுகள் இன்னொரு வீட்டில் இன்னொரு நூறு ஆண்டு இருக்கும். சிமெண்ட் கலவையில் கட்டிய சுவரோ கல்லும் சாந்துமாக உடைந்து, கம்பியைத் தவிர மீதியெல்லாம் குப்பையாகிறது. கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென்று 2016இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தும், சிற்றூர்களில் அது பெரும்பாலும் கண்மாய்க் கரைக்கும் பாழுங்கிணற்றுக்கும்தான் போய்ச் சேர்கிறது. சிமெண்ட் கலவையோடு கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்துச் சாந்தின் கடுமையைக் குறைத்துக் கட்டினால் நாளை கல்லை மீட்கலாம்; ஒற்றை மாடிச் சுவருக்கு அந்தச் சாந்தின் பலம் போதுமானது.

பெருநகர அடுக்குமாடியில் கட்டுகிறவர் ஒருவர், கரண்ட் கட்டுகிறவர் இன்னொருவர். கட்டுகிறவருக்குப் பின்னால் வரும் செலவைப் பற்றிக் கவலையில்லை. கொடைரோட்டில் அப்படியில்லை. பெரும்பாலோர் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக் குடியிருக்கிறார்கள், ஆகவே இங்கே மாற்றம் எளிது. தடையாக இருப்பது, ஃபில்லர் தளமோ மண் சிமெண்ட் கல்லோ போட்டுப் பழகிய கொத்தனார் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாததுதான். இங்கிருந்து திண்டுக்கல் போகும் வழியில், சின்னாளபட்டியை ஒட்டி, டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம் இருக்கிறது; 1956 முதல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனமும் இயங்குகிறது. நூறு கொத்தனார்களுக்கு இந்த இரண்டு வேலையையும் கற்றுக்கொடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் குறைவு. பயிற்சி பெற்றவர்களுக்கு வேலை தர அரசிடமும் வழி இருக்கிறது. 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் கட்ட முனைகிறது. வீட்டுக்கு 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். இவற்றில் ஒரு லட்சம் வீடுகளில், வீட்டுக்கு 300 சதுர அடி வீதம் ஃபில்லர் தளம் போட்டாலே மூன்றரைக் கோடி யூனிட் மின்சாரத்துக்கான எரிபொருள் மிச்சமாகும். இரவில் தணியும் சூடு அதற்கு மேல். சொந்தமாகக் கட்டுகிறவர்கள் அரசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மேஸ்திரியோடு போடும் ஒப்பந்தத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரிதான் இன்று எழுதப்படுகிறது. அதே தாளில் தளம் என்ன வகை, அதன் மேல் என்ன போடுவது, கவர் பிளாக் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை நாள் ஈரம் என்ற நான்கையும் எழுதி, கடைசித் தவணைப் பணத்தை அவற்றோடு கட்டிப்போட்டால் வேலை நடக்கும்.